உங்க போனுக்குத் தெரியும், நீங்க குடிச்ச புகை!

காலை எட்டு மணி. கனகசெட்டிக்குளம் பஸ் ஸ்டாப். கடல் காத்து முகத்துல அடிக்குது. போனைத் திறந்தா, 'புதுச்சேரி காற்று' என்று ஒரு நம்பர். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, அது பதினைந்து கிலோமீட்டர் சுமாருக்கு அந்தப் பக்கம், ஜவகர் நகர் கண்காணிப்பு நிலையம் சொன்னதா இருக்கலாம். உங்க மூக்குக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி தாண்டி, நடுவுல தமிழ்நாட்டுக்குள்ள நுழைஞ்சு, கோட்டக்குப்பம் நெரிசல்ல லாரிக்குப் பின்னாடி நின்னு, மறுபடி புதுச்சேரியில முத்தியால்பேட்டை வர்றதுக்குள்ள நீங்க குடிச்ச புகை தனிக்கணக்கு. அதைப் போடத்தான் ஸ்மார்ட்போன்!

போன் காத்தை மோப்பம் பிடிக்காது பாஸ். எங்க, எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு மட்டும் சொல்லும். அந்தந்த இடத்து மாசு அளவை அதோட ஒட்டணும். சும்மா ஒரு உதாரணம்: 22 மணி நேரம் பி.எம். 2.5 நுண்துகள் அளவு 30, பஸ்ல 2 மணி நேரம் 150. நாள் சராசரி 40. அதுல மூணுல ஒரு பங்குக்கு நெருக்கமா அந்த ரெண்டு மணி நேரத்துல வந்தது! இந்தியாவின் 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. இங்க பாஸ், அங்க அரியர்.

கற்பனை இல்லீங்க. பார்சிலோனாவில் தன்னார்வலர்களிடம் ஸ்மார்ட்போன் கொடுத்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. பயணத்துக்குப் போனது நாளில் 6 சதவீத நேரம்தான். உள்ளே இழுத்த நைட்ரஜன் டை ஆக்சைடில் அதன் பங்கு 24 சதவீதம்.

ஆனா, வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் ஜி.பி.எஸ். முழிக்கும். நீங்க ஹால்ல டி.வி. பார்த்தாலும், அம்மா அடுப்படியில புகையில நின்னாலும் மேப்புல ஒரே புள்ளி! ஹைதராபாத் பக்கத்துக் கிராமங்கள்ல நடந்த 'சாய்' ஆய்வுக்காரங்க அதனாலதான் ஜி.பி.எஸ்.ஸோட நிறுத்தலை. உடம்புல மாட்டுற கேமரா, கூடவே மாசு அளக்கும் கருவின்னு கொடுத்தாங்க. 2018-ல் வெளியான கட்டுரையில, எங்க இருந்தாங்க என்பதோட என்ன செஞ்சாங்க என்பதையும் சேர்த்துப் பார்த்தாங்க.

ப்ராஜெக்டுக்கு இதை எடுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம். அந்த ரூட் ஃபைல்ல உங்க வீடு, ஹாஸ்டல், யாரோட பீச்சுக்குப் போனீங்கங்கிற யூகம் வரைக்கும் எல்லாம் இருக்கு. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஃபைலை அப்படியே கேட்காதீங்க. 'வீடு: 12 மணி நேரம், பஸ்: 2 மணி நேரம், ஊர் இது'ன்னு அவங்களே எழுதிக் கொடுக்கட்டும். மேலே போட்ட மாதிரி கணக்குக்கு அதுவே போதும்.