வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வீடு

கடற்கரையில் விடுமுறை வீடு கட்ட விரும்புபவர்கள் கட்டடக் கலைஞரிடம் பெரும்பாலும் ஒரு தோற்றத்தைக் கேட்கிறார்கள்: வட்ட யன்னல், வெள்ளைச் சுவர், கப்பலின் மேல்தளம் போன்ற மொட்டைமாடி, ஓரமாக இரும்புக் கைப்பிடி. இந்த ஆசைக்கு நூறு வயதாகிறது. பயணிகள் கப்பல்களைப் பார்த்துக் கட்டடம் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள் என்று கட்டடக் கலைஞர் லு கொபூசியே 1923இல் எழுதினார். அயர்லாந்தில் பிறந்த ஐலீன் கிரே 1926க்கும் 1929க்கும் இடையில் பிரான்சின் தென்கரையில் ஈ-1027 என்ற சிறு விடுமுறை வீட்டைக் கட்டினார். தூண்களின் மேல் நிற்கும் அந்த வெள்ளை வீட்டில் கன்வஸ் மறைப்புகளும் உயிர்காப்பு வளையமும்கூட உண்டு. ஆனால் அவர் கப்பலிடமிருந்து உண்மையில் கற்றது வேறு. சுவரோடு சேர்ந்த தளபாடங்கள், வெயிலுக்கேற்ப நகர்த்தும் யன்னல் மறைப்புகள், சிறிய இடத்தில் எல்லாவற்றையும் அடக்கும் கணக்கு ஆகியவைதான் அவை. படங்களைப் பார்த்துப் படியெடுத்தவர்களுக்குக் கைப்பிடியும் வெள்ளைநிறமும் மட்டுமே கிடைத்தன. மட்டக்களப்பில் அந்தத் தோற்றத்தைக் கட்டுவது வீண்செலவு என்பதே என் வாதம். கடலோடு வாழ்ந்தவர்கள் காற்றையும் உப்பையும் நீரையும் கையாண்ட அறிவை வீட்டுக்குள் கொண்டுவந்தால்தான் அதைக் கடல்சார்ந்த வீடு என்று சொல்லலாம்.

முதலில் நிலம். எழுவான்கரை என்பது கிழக்கே கடலுக்கும் மேற்கே வாவிக்கும் நடுவில் நீளும் ஒடுங்கிய மணல்திடல். வாவியோ தெற்கு வடக்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. இங்கே வீட்டுக்கு இரண்டு முகங்கள் உண்டு. இரண்டும் நீரைப் பார்க்கின்றன, ஆனால் ஒரே மாதிரி நடத்தக்கூடியவை அல்ல. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் வீசுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி வாவிப்பக்கமாக வந்து சேர்கிறது. பாசிக்குடாவுக்கு உல்லாசப் பயணிகள் வரும் பருவமும் அதுதான். ஆக, விடுமுறை வீட்டில் ஆட்கள் இருக்கும் மாதங்களில் வெக்கை மேற்கிலிருந்து வருகிறது. கடலை ரசிப்பதற்கென்று கிழக்கே பெரிய கண்ணாடியை வைத்து, மேற்கை வெறுஞ்சுவராக விட்டால் பிற்பகலில் அந்தச் சுவர் அடுப்பாகிவிடும். மேற்கே ஆழமான விறாந்தை, நிழல்மரம், மூடித் திறக்கும் பலகை மறைப்பு வேண்டும். கடற்பக்கம் திறந்திருந்தால் பிற்பகலில் கடற்காற்று எழும் நாட்களில் அது வீட்டுக்குள் நுழைந்து போகும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழ். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்குப் பிறகே பெய்கிறது. அப்போது வீடு பூட்டிக் கிடக்கும், உப்புச்சாரலைத் துடைக்க ஆள் இருக்காது. மீனவர் பருவம் முடிந்தால் தோணியைக் கரையேற்றிப் பழுதுபார்ப்பார். வீட்டுக்காரர் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுகிறார். பராமரிப்பாரின்றி நான்கு மாதம் தாக்குப்பிடிக்கும் வீட்டையே இங்கு வரைய வேண்டும்.

கொங்கிரீட் கல்போல் உறுதியானது, அதை உப்பு என்ன செய்யும் என்று கேட்கலாம். காற்றில் வரும் உப்பு கொங்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உள்ளிருக்கும் கம்பியை எட்டுகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கிறது, பருத்தால் கொங்கிரீட்டைப் பிளக்கிறது, பிளவு மேலும் உப்பை உள்ளே விடுகிறது. ஈ-1027இன் கொங்கிரீட்டையே கடற்காற்று இப்படி அரித்தது. அதைத் திருத்தப் பெருஞ்செலவும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன. மெலிந்த தூண், மெலிந்த தட்டு, வெளியே நீட்டிய இரும்பு என்று கப்பல்தோற்றத்துக்கு உரிய எல்லாமே உப்புக்குத்தான் முதலில் பலியாகின்றன. கம்பிக்கு மேல் தடித்த கொங்கிரீட் உறை, உப்பற்ற ஆற்றுமணல், நீர் தேங்காத சரிவுக்கூரை ஆகியவை அழகுக் குறிப்புகளில் வருவதில்லை, ஆனால் வீட்டின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இதை நன்கு அறிந்தவர். சீமெந்துத் தகடுகளின் மேல் அரைவட்ட ஓடுகளைப் பதித்து மழைக்குத் தாங்கும் கூரையை அவர் பரவலாகப் பயன்படுத்தினார். 1948இல் அவர் வாங்கிய லுனுகங்கவும் பெந்தோட்டைக்கு அருகே ஒரு வாவிக்கரை விடுமுறை வளவுதான். கப்பல் அலங்காரத்தை நாடாமலே அது நீரோடு ஒட்டியிருக்கிறது.

வலுவான எதிர்வாதம் சூறாவளி. 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பிய்த்தெறிந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. அதன்பின் ஓட்டுக்கூரையும் மரமும் திறந்த விறாந்தையும் பேசுவது பொறுப்பற்றது என்று சொல்பவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் காற்று கூரையை மேலிருந்து அமுக்குவதைவிட உறிஞ்சித் தூக்குவதே அதிகம். தட்டையான, இலேசான கூரைதான் எளிதில் எழும்பும். நான்கு பக்கமும் சரிந்த, ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வுள்ள கூரை அதைவிட நன்றாக நிற்கும். விறாந்தைக் கூரையைப் பெருங்கூரையோடு சேர்க்காமல் தனியே கட்டினால், அது பறந்தாலும் வீடு மிஞ்சும். கைமரத்திலிருந்து அத்திவாரம் வரை உலோகப் பட்டியால் ஒரே தொடராகப் பிணைக்க வேண்டும். கடலோடி தோணியின் ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்ப்பதும் இதே கவலையால்தான்.

சுனாமி இன்னும் கடினமான கேள்வி. 2004 டிசெம்பர் 26இல் நாவலடியும் டச்பாரும் கல்லடியும் பட்டது இந்த ஊருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த வடிவமைப்பும் அத்தகைய அலைக்கு உத்தரவாதம் தராது. ஆனாலும் அழிவைக் குறைக்க வழியுண்டு. சுனாமிக்குப் பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தினரும் பிறரும் இலங்கைக்கென வடிவமைத்த வீட்டில் நான்கு முழுச்சுவர்கள் இல்லை. உறுதியான மூலைத்தூண்களும், நீரை ஊடே விடும் இலேசான தட்டிகளும்தான். அலையை மறிக்காமல் போகவிடுவது அதன் கொள்கை. வாவிப்பக்கத்துக்கும் இது பொருந்தும். கோடையில் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட, மாரியில் அது வெட்டப்படும்வரை நீர் ஏறித் தாழ்நிலத்தை மூடும். எனவே தரைத்தளத்தை உயர்த்தி, அடியில் நீருக்கு வழிவிட வேண்டும்.

அவரவர் காணி, அவரவர் பணம், ரசனையில் பிறருக்கு என்ன என்பார்கள். வட்ட யன்னலை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கடற்கரை எவருடைய வளவும் அல்ல. கரைவலை இழுப்பதற்கு நீண்ட திறந்த மணற்பரப்பு வேண்டும், பருவகாலத்தில் மீனவர் தங்கும் வாடி போடவும் இடம் வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்நிலம்வரை கரையோர வலயமாக வகுத்து, அங்கே கட்டுவதற்கு அனுமதி கேட்கிறது. பலர் அதைத் தாண்டவேண்டிய தடையாகவே பார்க்கிறார்கள். கட்டடக் கலைஞர் அதை வரைபடத்தின் முதல் கோடாக எடுத்துக்கொண்டால் வீடு பின்வாங்கி நிற்கும், முன்னால் தாழையும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்துவைக்கும், வலை இழுப்பவர்களின் பாதையும் மறிபடாது. யன்னலிலிருந்து தெரியும் கடல் சற்றுத் தூரமாகும். அந்த இழப்பை வீட்டுக்காரரிடம் முதல் சந்திப்பிலேயே நேராகச் சொல்லிவிட வேண்டும்.