சர்க்கரைக் கணக்கில் சேராத குளுக்கோஸ்

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் பானங்களுக்கு நடைமுறையில் உள்ள, 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் முத்திரை, 2027 நடுப்பகுதியில் உப்பு, சாஸ், சுவையூட்டிகள், உடனடி நூடல்ஸ், சமையல் எண்ணெய் ஆகியவற்றுக்கும் வருகிறது. அதையொட்டிய வாசகர் கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: 'பி' தரம் பெற்ற மால்ட் பானத்தைக் குடித்தும் ரத்தச் சர்க்கரை எகிறுவது ஏன்?

விடை வரையறையில் இருக்கிறது. பொட்டலத்தின் ஊட்டச்சத்துச் சீட்டில் 'சர்க்கரை' என்பது ஓரலகு, ஈரலகு மூலக்கூறுகளை மட்டுமே குறிக்கும்: குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ் போன்றவை. மூன்று அலகுகளும் அதற்கு மேலும் கோத்த சங்கிலி அந்தக் கணக்கில் சேராது. சில மால்ட் பானங்களில் சேரும், சோளம், மரவள்ளி மாவுச்சத்தைப் பாதி உடைத்துச் செய்யும் மால்ட்டோடெக்ஸ்ட்ரின் பெரும்பாலும் இத்தகைய சங்கிலிகளே. நாக்குக்கு அது அநேகமாக இனிப்பதில்லை. ஆனால் அதன் குளுக்கோஸ் அலகுகளை இணைப்பவை ஆல்ஃபா பிணைப்புகள். எச்சிலிலும் கணையநீரிலும் உள்ள அமைலேஸ் அவற்றை விரைந்து வெட்டுகிறது, மீதியைச் சிறுகுடல் சுவரின் நொதிகள் முடிக்கின்றன. ரத்தத்தில் சேரும் வேகத்தில் அது ஏறக்குறைய குளுக்கோஸுக்குச் சமம். அதே குளுக்கோஸ் பீட்டா பிணைப்பில் கோத்தால் செல்லுலோஸ்: கீரைத் தண்டின் நார். அதை வெட்டும் நொதி மனித உடலில் இல்லை.

பொட்டலப் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017இல் 7.1 விழுக்காடாக இருந்து 2023இல் 4.6 ஆகக் குறைந்ததாக அரசு சொல்கிறது. இது நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த எண் சீட்டில் உள்ள 'சர்க்கரை'யை மட்டுமே அளக்கிறது. குறைந்த சர்க்கரையின் இடத்தை மாவுச்சத்துத் துண்டுகள் நிரப்பினவா என்பதை அது காட்டாது. நீரிழிவுக்கு எதிரான போர் என்று 2016இல் அறிவித்த நாட்டில் இந்த இடைவெளி சிறியதல்ல. சீட்டில் மொத்தக் கார்போஹைட்ரேட்டிலிருந்து சர்க்கரையையும் நார்ச்சத்தையும் கழித்தால், மிஞ்சுவது பெரும்பாலும் இந்தச் சங்கிலிகளே.

வாசகர்களின் மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக: ஜீரோ கோலாவுக்கு 'ஏ' ஏன் இல்லை? இனிப்பூட்டி சேர்த்த பானத்துக்கு 'ஏ' கிடையாது.

கருப்பட்டி? பெரும்பகுதி சுக்ரோஸ்.

ஆறிய சோறு? மாவுச்சத்தில் கொஞ்சம் மறுபடி இறுகி, செரிக்க மறுக்கிறது.

இட்லி மாவுக்கு முத்திரை வருமா? 2027 பட்டியலில் இல்லை.

தேக்கா கடையின் தே ஓ கோசோங்கில் (பாலும் சர்க்கரையும் சேராத தேநீர்) முத்திரை இல்லையே? 'ஏ', 'பி' தரங்களுக்கு அது கட்டாயமில்லை.