ஸ்பைஸ் மென்பொருளில் நேரும் பிழைகள்

ஸ்பைஸ் என்பது மின்னணுச் சுற்றுகளைக் கணினியில் உருவகப்படுத்திச் சோதிக்கும் மென்பொருள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய இது 1973இல் வெளியானது. எல்டிஸ்பைஸ், என்ஜிஸ்பைஸ் முதலியவை இதன் வழிவந்தவை.

சுற்று இயங்காவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது தரை இணைப்பு. மின்னழுத்தம் என்பது இரு புள்ளிகளுக்கு இடையிலான வேறுபாடு. 0 என்னும் கணுவை ஒப்பிட்டே மற்றக் கணுக்களின் அழுத்தம் கணிக்கப்படுகிறது. அது இல்லையேல் சமன்பாடுகளுக்கு ஒரே தீர்வு கிடையாது. பெரும்பாலும், அணி பூச்சியக்கோவை அணியாகிவிட்டது என்ற பொருளில் பிழைச்செய்தி வரும். இரண்டு மின்தேக்கிகளுக்கு நடுவே மட்டும் நிற்கும் கணுவுக்கும் இதே கதிதான். நேர்மின்னோட்டம் பாய அங்கே வழியில்லை. அதிலிருந்து தரைக்கு 1 ஜிகா ஓம் மின்தடை ஒன்றை இணைத்தால் சரியாகும்.

பிழைச்செய்தியே வராத பிழைதான் மோசமானது. ஸ்பைஸ் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்று வேறுபாடு பார்ப்பதில்லை. எப்படி எழுதினாலும் ‘எம்’ என்றால் மில்லிதான். 1 மெகா ஓம் என எண்ணி ‘1எம்’ என்று இட்டால் மின்தடை 1 மில்லி ஓம் ஆகிவிடும், அதாவது நூறு கோடி மடங்கு குறைவு. மென்பொருளோ மறுப்புச் சொல்லாமல் அழகாக வரைபடமும் வரைந்து தரும். மெகாவுக்கு ‘எம்இஜி’ என மூன்று எழுத்தும் இட வேண்டும்.

அலையியற்றி அசையாமல் நின்றால் சுற்றில் தவறு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. மெய்யான சுற்றில் அதைத் தூண்டிவிடும் இரைச்சல் இந்தக் கணக்கீட்டில் இல்லை. மின்தேக்கிக்குத் தொடக்க மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.