யாருக்காக ஓதுகிறோம்?

பௌர்ணமி நெருங்கினால் 108 முறை ஓடும் புத்த மந்திர ஆடியோ செல்போனுக்குச் செல்போன் தாவுகிறது. திண்டுக்கல்லிலும் அப்படித்தான். கேட்டாலே மன அழுத்தம் போகும், கடன் தீரும் என்கிறார்கள். எனக்கு இது பெரும் கவலை. மந்திரம் பௌத்தத்துக்குள் வந்தது பிறருக்காக.

மந்திரம் சொல்லிப் பிழைப்பதை இழிதொழிலாகத்தான் வைக்கிறது பிரம்மஜால சுத்தம் என்ற பாலி நூல். ஆனால் பாம்பு தீண்டி ஒரு பிக்கு இறந்தபோது, நான்கு நாக குலங்களுக்கும் அன்பு சொல்லும் காப்புரையைப் புத்தரே கற்பித்ததாகப் பாலி நூல்கள் கூறுகின்றன. கடிக்க வரும் பாம்புக்கும் நலம் வேண்டுகிற காப்பு அது!

நம் மணிமேகலைக்கு மணிபல்லவத்தில் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன. வேற்றுருவம் எடுக்க ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசி போக்க ஒன்று. காயசண்டிகை என்ற பெண்ணின் உருவில் அவள் சிறைக்கோட்டத்துக்குள் போய்க் கைதிகளுக்குச் சோறிடுகிறாள். அதை அறக்கோட்டமாக மாற்ற மன்னனிடம் கேட்டுப் பெறுகிறாள். பின்னால் அரசி அவளை அடைத்துப் பட்டினி போட்டபோதுதான் மூன்றாம் மந்திரம் அவளுக்கே உதவுகிறது.

தென்னாட்டுப் பிக்கு வஜ்ரபோதியின் (671–741) கதையும் இதே தடத்தில் போகிறது. மழை பொய்த்த காலத்தில் பல்லவ மன்னன் வேண்ட, அவர் சடங்கு செய்து மழை வருவித்தார் என்கிறது சீனத்தில் எழுதப்பட்ட அவர் வரலாறு. இலங்கை, ஸ்ரீவிஜயம் வழியே கடல் கடந்து 720 வாக்கில் சீனத் தலைநகரை அடைந்தார். அவருடைய சீடர் அமோகவஜ்ரர். அந்தச் சீட வரிசையில் கற்ற ஜப்பானியத் துறவி கூகாய் 806இல் ஜப்பான் திரும்பி வேரூன்றச் செய்ததுதான் ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவு. தென்னாட்டார் ஒருவர் கொண்டுபோன மந்திர மரபு அங்கே இன்றும் நாவில் இருக்கிறது.

மனத்தை ஒருமுகப்படுத்தும் கருவிதான் மந்திரம், அதை எப்படிக் கேட்டால் என்ன என்பவர்களும் உண்டு. ஆனால் காதில் மாட்டிக்கொண்டு தனியே கேட்பதில் பாம்பும் இல்லை, கைதியும் இல்லை, மழைக்கு ஏங்கும் ஊரும் இல்லை. இலங்கையில் விடிய விடியப் பிரித் என்ற காப்புரை ஓதும் வீட்டில் உறவும் அயலும் கூடி ஒரே நூலிழையைப் பிடித்தபடி கேட்கிறார்கள். பொழுது விடிந்ததும் பிக்குகளுக்கு அன்னதானம். நம் ஊரில் அந்த ஆடியோவை அனுப்புகிறவர்கள், ஒரு பௌர்ணமியாவது நாலு வீட்டாரைக் கூட்டி உட்கார்ந்து, வாய்விட்டு ஓதி, பசித்தவருக்கு இலை போடட்டும்.