பட்டியலில் இல்லாத பெயர்: அன்றும் இன்றும்

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் சேப்பாக்கம். 1934 நவம்பர் 4 அன்று, ரஞ்சி கோப்பை கிரிக்கெட்டின் முதல் ஆட்டம் அங்குள்ள மைதானத்தில் நடந்தது. மைசூர் அணி இரண்டு முறை ஆடியும் ஒரே நாளில் தோற்றது. சென்னையின் ஏ.ஜி.ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். மட்டை பிடிப்பதிலும் கெட்டிக்காரர்.

1936இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் இல்லை. தலைவராகப் போனவர் விஜயநகரம் மகாராஜகுமார். 1946 அணியிலும் ராம்சிங்குக்கு இடமில்லை. அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார்கள். தந்தைக்கு ஒரு டெஸ்ட்கூட வாய்க்கவில்லை. தேர்ந்தெடுத்தவர்களிடம் காரணம் கேட்கும் வழக்கமே அன்று இல்லை. பேப்பரில் வந்த பட்டியலே தீர்ப்பு.

இன்றைய நிலைமை நேர்மாறு. 2023 ஜூன் 7, ஓவல் மைதானம், உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பந்துவீச்சாளர் நம்ம ஊர் அஸ்வின், ஆடும் பதினொருவரில் இல்லை. ஆடுகளமும் வானமும் வேகப்பந்துக்குச் சாதகம் என்று நான்கு வேகப்பந்து வீச்சாளர்களோடு இறங்கினார்கள். எதிரணியில் ஐந்து இடக்கை ஆட்டக்காரர்கள் இருந்ததால், கேள்வி நியாயமானதுதான். டெண்டுல்கரே கேட்டார். ஆனால் டி.வி. விவாதங்களிலும் யூடியூபிலும் கேள்வி சதியாயிற்று, பிறகு துரோகமாயிற்று. 209 ரன் தோல்விக்கு அந்த ஒரு முடிவே காரணம் என்றார்கள். இந்தியா எடுத்தது 296, 234. மட்டையாளர்களின் அந்தச் சரிவு பேச்சில் அமுங்கிப்போனது.

கால்பந்திலும் இதே கதை. 2025 ஆகஸ்டில் புதிய பயிற்சியாளர் காலித் ஜமீல் மத்திய ஆசிய நேஷன்ஸ் கோப்பைக்கு இந்திய அணியைத் திரட்டியபோது நட்சத்திர வீரர் சுனில் சேத்ரியை அழைக்கவில்லை. சகாப்தம் முடிந்தது என்கிற தொனியில் செய்திகள் பறந்தன. மற்ற வீரர்களைப் பார்ப்பதற்கான போட்டி இது, சேத்ரிக்குக் கதவு திறந்தே இருக்கிறது என்று பயிற்சியாளர் விளக்கினார். அந்தப் போட்டியில் இந்தியா ஓமனை வென்று மூன்றாம் இடம் பிடித்தது. அக்டோபரில் சிங்கப்பூருக்கு எதிராகச் சேத்ரி மறுபடி ஆடினார். ஆகஸ்டில் இரங்கல் பாடியவர்கள் அந்தச் செய்திகளைத் திருத்திக்கொள்ளவில்லை.

ரசிகர் கேள்வி கேட்பது நல்ல மாற்றம். ராம்சிங் காலத்தில் அது இருந்திருக்க வேண்டும். ஆனால் இன்றைய கூச்சல் நட்சத்திரங்களுக்கு மட்டுமே எழுகிறது. 1987-88இல் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி கோப்பை வென்று தந்த தலைவர் எஸ்.வாசுதேவன், அருமையான இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர். அவரும் இந்தியாவுக்கு ஆடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காக எந்த சேனலும் இன்றுகூட ஒரு மணி நேரம் ஒதுக்காது.

விளையாட்டுச் செய்தி எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு பெரிய பெயர் விடுபட்டால், தலைப்பு போடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: காரணம் என்ன சொன்னார்கள், அந்த இடத்துக்கு வந்தவர் யார், அவர் எப்படி ஆடியிருக்கிறார். பதிலைக் கேட்டபின் கோபப்படுங்கள். அந்தக் கோபத்துக்குத் தேர்வுக்குழு பதில் சொல்லியே ஆக வேண்டியிருக்கும்.