சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்கள்: யாருக்காகக் கட்டப்பட்டன, யாருக்குப் பயன்படப் போகின்றன?

திருகோணமலை உள்துறைமுகத்தை அண்டிய சீனக்குடாவில் 800 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாக வெறுமையாகக் கிடந்து, காட்டுக்குள் துருப்பிடித்தவை. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்று நாடுகளும் திருகோணமலையை எரிசக்தி மையமாக மாற்றுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டதன் பின்னர், இக்குதங்கள் மீண்டும் செய்தியாகியிருக்கின்றன.

துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கு இதனால் என்ன கிடைக்கும், என்ன பறிபோகும் என்பதை விளங்கிக்கொள்ள, இக்குதங்களின் வரலாற்றை அறிவது அவசியம்.

கடற்படைக்காக எழுந்த குதங்கள்

திருகோணமலையில் எண்ணெய்க் கிணறு எதுவும் கிடையாது. இங்கு எண்ணெய் வந்தது கப்பல்களுக்காக. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறியது. எண்ணெயில் ஓடும் கப்பல் வேகமானது. அதற்கு ஆட்பலமும் குறைவாகவே தேவை. ஆனால் பிரித்தானியாவிடம் நிலக்கரி இருந்ததே தவிர எண்ணெய் இருக்கவில்லை. 1914இல் ஆங்கிலோ பாரசீக எண்ணெய் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை அந்த அரசாங்கம் வாங்கியதன் காரணம் இதுதான்.

பாரசீகத்திலிருந்து எடுத்த எண்ணெயைக் கப்பல்கள் தரித்துச் செல்லும் இடங்களில் சேமிக்கவும் வேண்டியிருந்தது. ஆழமும் காற்றுக்கு மறைப்பும் கொண்ட திருகோணமலை துறைமுகம் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளிலேயே இக்குதங்களில் பெரும்பாலானவை கட்டப்பட்டன.

அமைப்பில் இவை எளிமையானவை. தடித்த உருக்குத் தகடுகளைப் பொருத்திச் செய்த பெரும் உருளைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கோடியே 20 இலட்சம் லீற்றர் கொள்ளும். வீதியில் நாம் காணும் 33,000 லீற்றர் பவுசர்கள் 360 வந்து ஊற்றினாலும் ஒரு குதம் முழுமையாக நிரம்பாது. ஒன்று தீப்பற்றினால் மற்றது பற்றாதபடி இடைவெளி விட்டும், ஆகாயத்திலிருந்து இலகுவில் தென்படாதபடி மரங்களுக்கிடையிலும் அவற்றை அமைத்தார்கள். குழாய்கள் அவற்றை இறங்குதுறையுடன் இணைத்தன. துறைமுகத்துக்கு அண்மையில் இருப்பவை கீழ்த் தொகுதி எனவும், உள்ளே காட்டுக்குள் இருப்பவை மேல் தொகுதி எனவும் அழைக்கப்படுகின்றன.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் திருகோணமலையின் முக்கியத்துவம் பன்மடங்கானது. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. அன்று எரிந்துபோன குதம் ஒன்றின் உருகி நெளிந்த உருக்கு எச்சங்களை இன்றும் அங்கே காணலாம். அன்றைய தினமே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது.

கைமாறிய உடன்படிக்கைகள்

1957இல் பிரித்தானியா திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது. அதன் பின்னர் இவ்வளவு பெரிய சேமிப்பிடத்துக்குத் தேவை இருக்கவில்லை. சிறிய நாடொன்றின் எரிபொருள் நுகர்வுக்கு 99 குதங்கள் மிக அதிகம்.

1980களின் தொடக்கத்தில் ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசாங்கம் இவற்றை வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் குத்தகைக்குக் கொடுக்க முனைந்தபோது இந்தியா கடுமையாக ஆட்சேபித்தது. அதன் விளைவை 1987 ஜூலை 29ஆம் திகதி காண முடிந்தது. இந்திய இலங்கை ஒப்பந்தத்துடன் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக திருகோணமலைத் துறைமுகம் எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் வழங்கப்படாது என்றும், எண்ணெய்க் குதங்கள் இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகப் புனரமைக்கப்படும் என்றும் எழுதப்பட்டன.

2003இல் குதங்களை 35 ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு ஒரு இலட்சம் டொலர் என்ற அடிப்படையில் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கு வழங்க உடன்பாடு காணப்பட்டது. அந்நிறுவனம் கீழ்த் தொகுதியை மட்டுமே இயக்கியது. 2022 ஜனவரி 6ஆம் திகதி செய்யப்பட்ட புதிய ஏற்பாட்டின்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 குதங்கள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும் உள்ளன. எஞ்சிய 61 குதங்களை திருகோணமலை பெற்றோலிய முனைய நிறுவனம் அபிவிருத்தி செய்யும். அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதமும் லங்கா ஐ.ஓ.சி.க்கு 49 வீதமும் பங்கு.

இதற்குச் சில மாதங்களின் பின் நாடு எரிபொருளின்றித் தவித்தபோது, சீனக்குடாவில் சேமித்த எரிபொருளே பல வாரங்கள் வரிசையில் நின்ற மக்களுக்குக் கைகொடுத்தது. இக்குதங்களின் பெறுமதியை நாட்டு மக்கள் நேரில் உணர்ந்த காலம் அது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். 1987 ஜூலை 29ஆம் திகதி கொடுக்கப்பட்ட வாக்குறுதிகளில் குதங்கள் பற்றியது மெதுவாகவேனும் நகர்ந்து வந்திருக்கிறது. அதே நாளில் எழுதப்பட்ட வடக்கு கிழக்கு இணைப்பை 2006இல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. கிழக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் நடத்தப்படவில்லை. துறைமுகத்தைப் பற்றி கொழும்பும் டெல்லியும் அபுதாபியும் பேசுகின்றன. அங்கு வாழும் மக்கள் தெரிவுசெய்த மாகாணசபை ஒன்று அந்த மேசையில் இல்லை.

எண்ணெயால் எழுந்த ஒரு நகரம்

எண்ணெய்ப் பணம் ஒரு ஊரை எப்படி மாற்றும் என்பதற்கு அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள துல்சா நல்ல எடுத்துக்காட்டு. 1900இல் அதன் சனத்தொகை 1,400க்கும் குறைவு. 1905இல் அருகிலுள்ள கிளென் பூலில் பெரும் எண்ணெய் வளம் கண்டுபிடிக்கப்பட்டது. 1930இல் சனத்தொகை 140,000ஐத் தாண்டியது. "உலகின் எண்ணெய்த் தலைநகர்" என்று அது தன்னை அழைத்துக்கொண்டது.

எண்ணெய் முதலாளிகள் தமது செல்வத்தைக் கட்டடங்களாக எழுப்பினார்கள். 1928இல் பில்டவர் கோபுரமும், 1929இல் பொஸ்டன் அவென்யூ மெதடிஸ்த தேவாலயமும் எழுந்தன. மேல்நோக்கி எழும் நேர்கோடுகளும் மண்ணோட்டு அலங்காரமும் கொண்ட அந்தத் தேவாலயம், ஆர்ட் டெக்கோ எனப்படும் கட்டடப் பாணிக்குச் சிறந்த உதாரணமாக இன்றும் காட்டப்படுகிறது.

ஆனால் அந்த நகரின் வரலாற்றில் எமக்கு அந்நியமில்லாத இரண்டு பக்கங்கள் உண்டு. துல்சா எழுந்த மண், 1830களில் அலபாமாவிலிருந்து விரட்டப்பட்ட மஸ்கோகி பூர்வகுடி மக்கள் வந்து குடியமர்ந்த மண். எண்ணெய்க் காலத்தில் அந்த நிலத்தின் பெரும்பகுதி அவர்களுடைய கைகளை விட்டுப் போயிற்று. 1921 மே 31, ஜூன் 1ஆம் திகதிகளில், கறுப்பின மக்கள் வளமாக வாழ்ந்த கிரீன்வூட் பகுதியை வெள்ளையர் கும்பல்கள் எரித்தன. 35 தெருத் தொகுதிகள் சாம்பலாயின. உயிரிழந்தோர் 300 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. பல பத்தாண்டுகளாக அது பற்றிப் பாடசாலைகளில்கூடப் பேசப்படவில்லை. உயிருடன் எஞ்சியிருந்த இரு மூதாட்டிகள் நட்டஈடு கோரித் தொடுத்த வழக்கை 2024 ஜூனில் ஒக்லஹோமா உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

துல்சாவில் பணம் நிறையவே வந்தது. அது யாரிடம் சேர்ந்தது என்பதை, நிலம் யாரிடம் இருந்தது, சட்டம் யாரைக் காத்தது என்பவையே தீர்மானித்தன.

எமது மக்கள் கேட்க வேண்டியவை

கொட்டியாரக்குடாவின் மறுகரையிலுள்ள சம்பூர் மக்களுக்கு இது அனுபவப் பாடம். 2006இல் குண்டுவீச்சுக்கு மத்தியில் அவர்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். அதன் பின்னர் அவர்களது நிலம் உயர் பாதுகாப்பு வலயமாகவும், முதலீட்டு வலயமாகவும், அனல் மின் நிலையத்துக்கான இடமாகவும் பெயர் மாறியது. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. அனல் மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டு, 2025இல் சூரிய மின் திட்டம் அங்கு தொடக்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டில், சூரிய மின் திட்டங்களுக்காகத் தமது வயல்கள் எடுக்கப்படுவதை எதிர்த்து முத்துநகர் விவசாயிகள் போராட்டத்தில் இறங்கினார்கள்.

எனவே எரிசக்தி மையம் பற்றிப் பேசப்படும்போது சில கேள்விகளை இப்போதே கேட்பது நல்லது. குதங்களுக்கும் குழாய்ப் பாதைகளுக்கும் மேலதிகமாக எந்தெந்தக் காணிகள் தேவைப்படும்? அவற்றின் வரைபடம் தமிழில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படுமா? வேலைவாய்ப்பில் மாவட்ட இளையோருக்கு எத்தனை வீதம் ஒதுக்கப்படும், அதற்கான தொழிற்பயிற்சி எங்கே வழங்கப்படும்? எண்ணெய்க் கசிவு ஏற்பட்டால் உள்துறைமுகத்திலும் கொட்டியாரக்குடாவிலும் தொழில் செய்யும் மீனவர்களுக்கு யார் நட்டஈடு கொடுப்பார்? வருமானத்தில் ஒரு பங்கேனும் உள்ளூராட்சி சபைகளுக்கு வருமா?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபை உறுப்பினர்களும், மீனவர் சங்கங்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் இக்கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறலாம். காணி அளவையாளர்கள் வந்து எல்லைக்கல் நட்ட பிறகு கேட்பதைவிட, அதற்கு முன்னர் கேட்பது இலகுவானது.