எட்டுத் துண்டும் ஒரு தண்ணீர்ச் சட்டியும்

செட்டிபாளையத்துக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவியோரத்து வளவுகளில் ஊர்க்கோழியும் வாத்தும் ஒரே சட்டியில் தண்ணீர் குடிப்பதைக் காணலாம். மாரியில் நீலச்சிறகி போன்ற வலசை வாத்துகளும் இலங்கை நீர்நிலைகளுக்கு வருகின்றன. பறவைக் காய்ச்சலைப் பற்றி வாசித்ததிலிருந்து அந்தச் சட்டிதான் என் கண்ணில் படுகிறது.

இன்புளுவென்சா வைரசின் பரம்பரையலகுகள் எட்டு ஆர்.என்.ஏ. துண்டுகளில் இருக்கின்றன. அது தன்னைப் பிரதி எடுக்கும்போது விடும் எழுத்துப்பிழைகளைத் திருத்த அதனிடம் வழியில்லை. பிழைகள் சேர்ந்து சேர்ந்து வைரஸ் மெல்ல மாறும். இன்னொரு மாற்றமோ திடீரென நடப்பது. இரண்டு வகை வைரஸ்கள் ஒரே பறவையின் ஒரே கலத்துக்குள் புகுந்தால், இரண்டு சீட்டுக்கட்டுகள் கலந்தது போலத் துண்டுகள் இடம் மாறும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டுத் துண்டுக்கு 256 சேர்க்கைகள்!

1997இல் ஹொங்கொங்கில் 18 பேரைத் தாக்கி 6 பேரின் உயிரைக் குடித்த எச்5என்1 இப்படிக் கலந்து பிறந்ததுதான். அதன் எச்5 துண்டு, 1996இல் சீனாவின் குவாங்டொங்கில் ஒரு பெருவாத்திடம் (goose) கண்ட வைரசின் வழிவந்தது. உள்துண்டுகளோ காடையிடம் கண்ட எச்9என்2 வைரசினுடையவற்றை ஒத்திருந்தன.

காட்டு வாத்தில் சாதுவாக இருக்கும் எச்5, கோழிகளுக்குள் பரவும்போது கொடியதாக மாறலாம். வைரசின் மேற்புறப் புரதம் வெட்டப்பட்டால்தான் அது கலத்துக்குள் நுழையும். சாதுவான வகையை வெட்டும் நொதியங்கள் சுவாசப்பாதையிலும் குடலிலும் மட்டுமே உண்டு. வெட்டுமிடத்தில் சில அமினோ அமிலங்கள் கூடினால் உடலெங்குமுள்ள நொதியங்கள் அதை வெட்டும். கூடு ஒரே இரவில் வெறிச்சோடுவது இதனால்தான்.

2008 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில், மார்கிராம் என்ற ஊரின் வீட்டுக்கோழிகளில் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாநிலத்தில் சுமார் 40 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. சிலர் கோழிகளை ஒளித்து வைத்தார்களாம். இதைச் சொன்னபோது உம்மா கேட்டா: “முட்டை வித்த காசில கொப்பி வாங்குற வீட்டுல, ஆரு புள்ள கோழியக் குடுப்பாங்க?” நியாயமான கேள்வி. நட்டஈடு கையில் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாத இடத்தில் நோய் ஒளிந்துகொள்ளும். ஒளிந்த இடத்தில் அது மேலும் மாறும்.

வாத்துக்கு வேறு சட்டி வைப்பது பெரிய செலவில்லை. கோழிகள் கூட்டமாகச் செத்தால் வெறுங்கையால் தொடாமல், அறுக்காமல், வாவியில் எறியாமல், அன்றைக்கே மிருக வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். நன்றாக வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் இந்த வைரஸ் உயிர் பிழைக்காது.